முப்பத்தொன்றாம் பக்கத்து ஆள்

நூலகத்தில் அவளுக்குப் பெயர் சீட்டக்கா. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும், சீட்டாடுகிற பேர்வழி போலிருக்கிறது என்று ஒரு வாரம் எட்டியே நிற்பார்கள். விஷயம் அதுவல்ல. மூன்றாம் மாடியில் இருந்த எட்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு புத்தகங்களிலும் தலா ஒரு காகிதச் சீட்டை வைத்தவள் அவள்தான். வைத்தது வேடிக்கைக்கு அல்ல, முனைவர் பட்ட ஆய்வுக்கு.

இருபத்து மூன்று வயதில் அலமாரி அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். வேலை பார்த்தபடியே தபாலில் ஒரு பட்டம், பிறகு நூலகவியலில் இன்னொன்று. நாற்பத்தொரு வயதில், மற்றவர்கள் முட்டிவலிக்கு எண்ணெய் தேடுகிற காலத்தில், இவள் ஆய்வு மாணவியாகப் பதிவு செய்துகொண்டாள். காரணம் சுத்தமான எரிச்சல். மூன்றாம் மாடிப் புத்தகங்களை வீட்டுக்குத் தருவதில்லை. அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு வைத்துவிட வேண்டும். அதனால் இரவல் பதிவேட்டில் அந்த மாடி ஒரு வரியாகக்கூட இடம்பெறாது. ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் "மூன்றாம் மாடி: பயன்பாடு இல்லை" என்று அவள் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. படியேறி ஆட்கள் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, யாரும் வருவதில்லை என்று எழுதினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? எண்ணிக்கையில் காட்டி எல்லார் வாயையும் அடைக்கிறேன் என்று கிளம்பினாள்.

முறை எளிமையானது. விரல் அகலத்தில் பாதி அளவுக்கு மெல்லிய சீட்டு. ஒவ்வொரு புத்தகத்திலும் முப்பதாம் பக்கத்துக்கும் முப்பத்தொன்றாம் பக்கத்துக்கும் நடுவே அதை வைக்க வேண்டும். ஒரு வருடம் கழித்துத் திறந்து பார்க்க வேண்டும். சீட்டு விழுந்திருந்தாலோ இடம் மாறியிருந்தாலோ யாரோ படித்திருக்கிறார்கள். அங்கேயே இருந்தால் யாரும் தொடவில்லை. அச்சகத்தில் வெட்டு இயந்திரம் ஓட்டும் அவள் கணவர், மிஞ்சிய காகிதத்தில் அத்தனை சீட்டையும் வெட்டிக் கொடுத்தார். இரண்டு மாதம் விடுமுறை நாள்களையெல்லாம் தின்று, இருவருமாக உட்கார்ந்து வைத்து முடித்தார்கள்.

வருடம் முடிந்து பார்த்தபோது ஆறாயிரத்து நூற்றிரண்டு புத்தகங்களில் சீட்டு அசையவே இல்லை. நூற்றுக்கு எழுபத்து நான்கு. அவளால் நம்ப முடியவில்லை. இருநூறு புத்தகங்களை மறுபடி எடுத்துப் பார்த்தாள். இல்லை, முப்பத்தொன்றிலேயே நின்றது. பிறகு நம்பினாள். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தனக்குப் பிடிக்காத முடிவையும் தலைவணங்கி ஏற்கிறேனே, நானல்லவா ஆய்வாளர் என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டாள். அந்தப் பெருமையோடு ஆய்வேட்டை எழுதி முடித்தாள்.

அந்த எண்ணைக் கேட்டதும் தலைமை நூலகருக்கு வாயெல்லாம் பல். மூன்றாம் மாடியில் கணினிக் கூடம் வைக்க வேண்டும் என்று அவர் நெடுநாளாகத் துடித்துக்கொண்டிருந்தார். "மேற்படி ஆய்வேட்டின் அடிப்படையில்" என்று தொடங்கி ஓர் ஆணை போட்டார். ஆறாயிரத்து நூற்றிரண்டு புத்தகங்களும் காகிதக்கூழ் ஆலைக்குப் போக வேண்டியது. வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளித்தேர்வாளர் சீட்டுகளை நேரில் பார்க்க வேண்டும் என்று சொன்னதால் மட்டும் லாரி காத்திருந்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நூலகக் கூட்ட அறையிலேயே தேர்வு, இரண்டு மணிக்கு லாரி. ஒரே நாளில் இரண்டு வேலையையும் முடித்துவிடலாம் என்று தலைமை நூலகர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

அவளுக்கும் அந்தத் தேர்வை விட்டால் வழியில்லை. பதிவின் ஆயுள் ஆறு வருடம். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கி எட்டு வருடமாகிவிட்டது. மாதக் கடைசியோடு பதிவு காலாவதி. மூன்றாவது நீட்டிப்பு என்ற பேச்சே கிடையாது.

புதன்கிழமை மூன்று மணிக்கு, கட்டுகள் சரியாகப் போடப்படுகின்றனவா என்று பார்க்க மூன்றாம் மாடிக்குப் போனாள். பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி, சுவரோரம் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தார்கள். தேர்வாளர் பார்ப்பதற்கென்று ஒரே ஓர் அலமாரியை மட்டும் கலைக்காமல் விட்டிருந்தார்கள். அதன் பக்கத்து மேசையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் திருப்புளி, பக்கத்தில் ஒரு நோட்டு. நெடுநாளாக வருகிற ஆள்தான். அவள் தலையசைத்துவிட்டுக் கட்டுகளை எண்ணத் தொடங்கினாள்.

அவர் படித்து முடித்தார். மேசை மேல் தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு சீட்டை இரண்டு விரலால் பிடித்தார். பக்கங்களைப் புரட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, சீட்டை அதில் வைத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்துத் தட்டிவிட்டு, புத்தகத்தை அலமாரியில் செருகினார்.

அவளுக்கு எண்ணிக்கை தவறிப்போனது.

"இப்ப என்ன பண்ணீங்க?" என்றாள்.

அவர் பயந்துவிட்டார். "இருந்த இடத்துலயே வச்சுட்டேங்க மேடம். கலைக்கல."

"அந்தச் சீட்டை எங்க வச்சீங்க?"

"முப்பத்தொண்ணுல. எடுக்கும்போதே பக்கத்தைப் பாத்துக்குவேன். யாரோ படிச்சுக்கிட்டு அடையாளம் வச்சிருக்காங்க. நாம கலைச்சுட்டா, பாவம், அவங்க எங்க போய்த் தேடுவாங்க?" பிறகு சுவரைக் காட்டினார். "நீங்கதானே எழுதி மாட்டியிருக்கீங்க?"

சுவரில் அவள் கையெழுத்திலேயே பலகை தொங்கியது. "பிறர் வைத்த அடையாளத்தைக் கலைக்காதீர்." நாள் கணக்காக ஒரே புத்தகத்தைப் படிக்க வருகிறவர்கள் அடையாளத் தாளுக்காக அடித்துக்கொண்ட ஒரு காலத்தில், இருபது வருடத்துக்கு முன்பு, அவளே எழுதி மாட்டியது. தினமும் பார்த்துப் பார்த்து அவள் கண்ணுக்கு அது சுவராகவே ஆகிவிட்டிருந்தது.

"ஒவ்வொரு தடவையும் இப்படியா வைப்பீங்க?"

"நான் மட்டும் இல்லீங்க, இங்க வர எல்லாரும்தான்." பயம் தெளிந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "அவரை எங்களுக்கு நல்லாத் தெரியும். முப்பத்தொண்ணாம் பக்கத்து ஆளுன்னுதான் சொல்லுவோம். எந்த புக்கை எடுத்தாலும் மனுஷன் முப்பது பக்கம் படிச்சு நிறுத்தியிருக்காரு! எல்லாத்தையும் ஆரம்பிச்சிருக்காரு, ஒண்ணையும் முடிக்கல. நாடகத்துக்குத் துணி தைக்கற அம்மா ஒருத்தங்க வருவாங்க, அவருக்குக் கண்ணு சரியில்லன்னு அவங்க சொல்றாங்க. நில அளவைக்காரரு சொல்றாரு, அவரு பெரிய மேதாவி, முப்பது பக்கத்துக்கு மேல எவனையும் பொறுத்துக்க மாட்டாருன்னு. உங்களுக்குத் தெரியுமா மேடம், அவர் யாருன்னு?"

தெரியும். முப்பத்தொன்றாம் பக்கத்து ஆள் அவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். "உங்க நோட்டைக் கொஞ்சம் தரீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஊரில் பாதிக் கட்டடங்களில் ஓடுவது பழைய லிஃப்ட். செய்த கம்பெனிகளே இன்று இல்லை. அவற்றின் படங்களும் விவரங்களும் இந்த மாடிப் புத்தகங்களில்தான் இருந்தன. எந்தப் புத்தகத்தில் எந்தப் படம், என்றைக்குப் பார்த்தது என்று அவர் தேதியோடு குறித்து வைத்திருந்தார். ஆய்வு நடந்த அந்த ஒரு வருடத்தில் மட்டும் அறுபத்து நான்கு புத்தகங்கள். அவள் தன் மேசைக்கு ஓடிவந்து பட்டியலோடு ஒப்பிட்டாள். அறுபத்து நான்கில் அறுபத்தொன்று "தொடப்படாதவை" என்று அவள் பட்டியலில் இருந்தன. மறுபடி சரிபார்த்தாள். அறுபத்தொன்றுதான்.

எட்டு வருட ஆய்வு எதை அளந்திருக்கிறது என்று இப்போது புரிந்தது. புத்தகத்தை யார் தொடவில்லை என்பதை அல்ல. புத்தகத்தைத் தொட்டவர்களில் யார் ஒழுங்கானவர்கள் என்பதை. சீட்டைத் தரையில் உதறிவிட்டுப் போனவர்களெல்லாம் வாசகர்களாகக் கணக்கில் ஏறியிருந்தார்கள். அவள் சொல்லிக் கொடுத்தபடி பதவிசாக நடந்துகொண்டவர்களை அவளே இல்லையென்று எழுதிவிட்டாள்.

வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஃபோன் போட்டாள். நல்லவர், ஆனால் நிழலுக்கும் பயப்படுகிறவர். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரே ஒரு ஆள்தானேம்மா? இதெல்லாம் எல்லா ஆய்விலயும் இருக்கும். நாளைக்கு இதைப் பத்தி வாயத் திறக்காதீங்க. பட்டம் வாங்கினப்புறம் ஒரு கட்டுரையா எழுதிடலாம், நானே உதவி பண்றேன்."

"அதுக்குள்ள புத்தகமெல்லாம் கூழாயிடும் சார்."

"புத்தகத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். மறுபடி சீட்டு வைக்கணும்னா இன்னொரு வருஷம் ஆகும். உங்களுக்கு இருக்கறது பதினொரு நாள். உங்க பேருக்கு முன்னாடி டாக்டர்னு பாக்கணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?" அவர் குரல் உண்மையாகவே கெஞ்சியது. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் கணவர் அவளுடைய நாளைய புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா ஏற்கெனவே ஃபோன் செய்து "டாக்டரம்மா வந்தாச்சா?" என்று இரண்டு முறை கேட்டிருந்தாளாம். இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"சரி. நாளைக்குத் தேர்வை முடி. நாளன்னைக்குச் சொல்லு."

"நாளைக்கு ரெண்டு மணிக்கு லாரி."

"அப்ப லாரியை மட்டும் நிறுத்தச் சொல்லு."

"ஏன் நிறுத்தணும்னு கேப்பாரே! என் ஆய்வு தப்புன்னு சொன்னாத்தான் லாரி நிக்கும். அதைச் சொன்னா தேர்வு போச்சு. ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டுட்டாங்க."

அவருக்குக் கோபம் பொங்கியது. கத்துகிற ஆளில்லை, அன்றைக்குக் கத்தினார். "எட்டு வருஷம்! நீ ஒரு கல்யாணம் காட்சிக்கு வந்தியா? நம்ம பொண்ணு பரீட்சை எழுதினப்பகூட நீ அந்த மாடியிலதான் இருந்த. நான் ஏதாவது சொன்னேனா? வெட்டிக் குடுத்தேன், வச்சுக் குடுத்தேன். இப்ப எவனோ லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் ஒருத்தன் சொன்னான்னு அத்தனையும் தண்ணியில போடணுமா? யாருக்கும் தெரியாதுடி!"

"எனக்குத் தெரியுமேங்க."

அவர் புடவையை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பது அவளுக்கு நெஞ்சை அறுத்தது. பட்டம் அவளுக்கும் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொள்ளை ஆசையாக வேண்டும்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வெளித்தேர்வாளர் வந்தார். அறுபது தாண்டிய அம்மாள். எந்த ஆய்வேட்டையும் நறுக்கித் தள்ளிவிடுவார் என்று துறையில் அவருக்குக் கத்தரி என்றே பெயர். மூன்றாம் மாடிக்குப் போய், கட்டாமல் விட்ட அலமாரியிலிருந்து தன் இஷ்டத்துக்கு ஐந்தாறு புத்தகங்களை உருவித் திறந்து பார்த்தார். ஒன்றில்கூடச் சீட்டு இடம் மாறவில்லை.

"ரொம்ப எளிமையான முறை. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

கத்தரியின் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததும் வழிகாட்டிப் பேராசிரியருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "நன்றி மேடம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு தன்மேலேயே அருவருப்பு வந்தது.

பதினோரு மணிக்குக் கூட்ட அறையில் தேர்வு தொடங்கியது. மேசைக்கு அந்தப் பக்கம் கத்தரியும் வழிகாட்டியும், ஓரத்தில் தலைமை நூலகர். கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மற்ற முறைகள் ஏன் சரிப்படவில்லை? சீட்டு தானாக விழ வாய்ப்பில்லையா? எட்டு வருடம் ஊறிய விஷயம், பதில்கள் தாமாகவே வந்தன. தான் பேசுவதைத் தானே தள்ளி நின்று கேட்பதுபோல் இருந்தது.

பதினொன்றரைக்கு வாசலில் ஹாரன் ஒலித்தது. லாரி இரண்டரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. "மத்தியானம் நெரிசலாம், இப்பவே ஏத்திக்கிறாங்களாம்" என்று தலைமை நூலகர் மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். சாத்தி என்ன பயன்? கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நடைவழியில் போகும் சத்தமும், கீழே லாரித் தட்டில் அவற்றைப் போடும் சத்தமும் நன்றாகவே கேட்டன. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் மனசுக்குள் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே பதில் சொன்னாள்.

பன்னிரண்டேகாலுக்குக் கத்தரி பேனாவை மூடினார். "கடைசியா ஒண்ணு. எல்லாரையும் கேக்கறதுதான். உங்க முடிவை ஒரே வாக்கியத்துல சொல்லுங்க."

மனப்பாடமாக இருந்த வாக்கியம். வழிகாட்டி அவளைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். சொல்லும்மா, சொல்லிவிடு.

"என் முடிவு தப்பு மேடம்" என்றாள்.

அவள் பையிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்கின் நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். பலகையைப் பற்றிச் சொன்னாள், முப்பத்தொன்றாம் பக்கத்து ஆளைப் பற்றிச் சொன்னாள். நிறுத்தாமல் சொன்னாள். வழிகாட்டி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

கத்தரி நோட்டைப் புரட்டினார். "ஒருத்தரோட நோட்டு மட்டும்தானே?"

"அறுபத்தி நாலுல அறுபத்தொண்ணு தப்பாப் போச்சு மேடம். மத்ததுல எத்தனை தப்புன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் இப்ப என்னால சொல்ல முடியும். லாரியை நிறுத்தச் சொல்லுங்க சார், கெஞ்சிக் கேக்கறேன்."

கடைசி வாக்கியம் தலைமை நூலகரிடம் சொன்னது. அவர் கெட்ட மனிதர் அல்ல, காகித மனிதர். "என்னங்க இது, விளையாட்டா? ஆணையில 'ஆய்வேட்டின் அடிப்படையில்'னு இருக்கு. ஆய்வேடு நிக்கற வரைக்கும் ஆணை நிக்கும். நீங்க வாயால சொன்னீங்கன்னு நான் லாரியைத் திருப்பினா நாளைக்கு எனக்கு யார் பதில் சொல்றது? காகிதம் இருக்கா?"

கத்தரி நோட்டை மூடி வைத்தார். பிறகு, யாரும் எதிர்பாராத இரக்கத்தோடு பேசினார். "இதை நீங்க சொல்லலைன்னா எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. 'திருத்தி மீண்டும் அளிக்கலாம்'னு எழுதறேன். நான் பல்கலைக்கழகத்துலயும் பேசிப் பாக்கறேன். ஏதாவது வழி பிறக்கும்."

"அதேதான், அதேதான்" என்று வழிகாட்டி தாவிப் பிடித்தார். போன உயிர் அவருக்குத் திரும்பி வந்திருந்தது.

"அப்ப ஆய்வேடு நிக்குதில்ல?" என்று தலைமை நூலகர் கேட்டார். "திருத்தம்னா நிக்குதுன்னுதானே அர்த்தம்? அப்ப லாரி போகட்டும்."

கீழே தட்டைத் தூக்கிச் சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது. முதல் நடை ஏறி முடிந்துவிட்டது.

"மேடம், அப்படி எழுதாதீங்க" என்றாள். "நிராகரிச்சுட்டேன்னு எழுதுங்க."

"என்னம்மா பேசறீங்க!" என்று வழிகாட்டி எழுந்தே விட்டார்.

கத்தரி பேனாவைத் திறக்கவில்லை. "புரிஞ்சுதான் கேக்கறீங்களா? அந்த ஒரு வார்த்தையை எழுதிட்டா உங்க பதிவு இன்னைக்கே முடிஞ்சுது. அப்புறம் நான் நெனச்சாலும் மாத்த முடியாது. எட்டு வருஷம் போயிடும்."

"புரிஞ்சுதான் கேக்கறேன். சீக்கிரம் எழுதுங்க மேடம். கீழ இன்ஜினைப் போட்டுட்டாங்க."

கத்தரி எழுதினார். ஒரே வரி, தேதி, கையெழுத்து. அவள் தாளை வாங்கித் தலைமை நூலகர் முன் வைத்தாள். அவர் அதை இரண்டு முறை படித்தார். காகிதம் கேட்டது அவர்தான், இதோ காகிதம். ஓரத்தில் "ஆணை நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். மை காய்வதற்குள் அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு படிக்கு ஓடினாள். நாற்பத்தொன்பது வயதில், இஸ்திரி போட்ட புடவையில், இரண்டு இரண்டு படியாகத் தாண்டி.

லாரி வாசலைத் தாண்டித் தெருவில் பாதி உடம்பை நீட்டியிருந்தது. முன்னால் போய் நின்று தாளை உயர்த்திக் காட்டினாள். ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் குனிந்து வாங்கிப் பார்த்தார். அந்த எழுத்தும் நடையும் அவருக்குப் பிடிபடவில்லை.

"என்னம்மா இது? பரீட்சைத் தாள் மாதிரி இருக்கு. பாஸா ஃபெயிலா?"

"ஃபெயில்" என்றாள். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவில்லை. "எல்லாத்தையும் இறக்கணும்."

சுமை தூக்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள். ஏற்றத்தான் வந்தோம், இறக்க வரவில்லை என்றார்கள். இரண்டு பேர் கிளம்பியும் போய்விட்டார்கள். லாரியில் நூற்றுச் சொச்சம் கட்டுகள் இருந்தன. அவள் முதல் கட்டைத் தானே இழுத்துத் தோளில் வாங்கிக்கொண்டபோது இடுப்பில் செருகியிருந்த ஃபோன் அடித்தது. கணவர்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"என்ன சொன்னாங்க?"

அவள் மூச்சு வாங்கினாள். "நிராகரிச்சுட்டாங்க. நானே கேட்டு வாங்கினேன்."

அந்தப் பக்கம் வெட்டு இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கத்துவார், அல்லது வைத்துவிடுவார் என்று காத்திருந்தாள். இரண்டையும் செய்யவில்லை. இயந்திரம் நின்றது.

"இப்ப எங்க இருக்க?"

"லாரிகிட்ட. புத்தகத்தை இறக்கிக்கிட்டிருக்கேன். ஆள் பத்தலைங்க."

"இரு, வர்றேன்" என்றார். "தனியாத் தூக்காத."